ஏசி கேஸ் தானாகத் தீர்வதில்லை

சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டும்போது அடுக்குமாடிகளின் பின்பக்கம் பார்த்தால் பால்கனிதோறும் ஏசியின் அவுட்டோர் யூனிட் தொங்கும். 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்த இந்தப் பகுதியில் ஐடி நிறுவனங்களை நம்பி வாடகை வீடுகள் பெருகின. குடியிருப்பவர் வீடு மாறினால் ஏசியும் கூடவே மாறும். ஒவ்வொரு முறையும் காப்பர் பைப்பைக் கழற்றி மாட்ட வேண்டும். அடுத்த சித்திரையில் குளிர்ச்சி குறையும். மெக்கானிக் வந்து, “கேஸ் தீந்து போச்சுங்க, அடிச்சுட்டாச் சரியாப் போயிருங்க” என்பார். சமையல் கேஸ் மாதிரி இதுவும் செலவாகும் பொருள் என்று எண்ணி நாமும் பணம் கொடுத்துவிடுகிறோம்.

ஏசியின் கேஸ் செலவாவதே இல்லை. கம்ப்ரசர் அதை அழுத்தி அனுப்புகிறது; அவுட்டோர் யூனிட்டில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது; அறைக்குள் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. இது மூடிய சுற்று. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஓட்டையைத் தேடாமல் வருடாவருடம் கேஸ் அடிப்பது வைத்தியம் ஆகாது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது பொருத்திய நாளில் கையால் போட்ட இணைப்புகளை. பைப்பை அறுத்ததும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். அதை வழித்தெடுத்துவிட்டு, ஃப்ளேர் கருவியால் வாயைச் சீராக விரித்து, நட்டை முடுக்க வேண்டும். கால் அங்குல பைப்புக்கு ஏறக்குறைய 16 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அரை அங்குலத்துக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தேவை. கைக்கணக்கில் ஸ்பேனரை இழுத்தால் சின்ன நட் விரிசல் விடும், பெரியது தளர்ந்து நிற்கும். இதற்கென்றே டார்க் ஸ்பேனர் இருக்கிறது.

அடுத்து, இணைப்பு தாங்குகிறதா என்று பார்ப்பது. உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக, தயாரிப்பாளர் சொல்லும் அழுத்தம்வரை பைப்பில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கேஜ் முள் இறங்காமல் நிற்கிறதா என்று காத்திருக்க வேண்டும். நைட்ரஜன் கிடைக்காத இடத்தில் வெல்டிங் ஆக்சிஜனை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. கம்ப்ரசர் எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

பிறகு வேக்கம், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப்பால் உறிஞ்சி எடுப்பது. அவசரக்காரர்கள் கேஸ் வால்வைச் சில நொடி திறந்து, உள்ளே இருக்கும் காற்றைக் கேஸாலேயே தள்ளிவிட்டு முடித்துவிடுகிறார்கள். காற்றில் பாதி போகலாம், ஈரம் போகாது. அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரின் காயிலை உள்ளிருந்தே அரிக்கும். அதனால்தான் வேக்கம் பம்ப்பால் 500 மைக்ரான் அளவுக்கு இறக்கச் சொல்கிறார்கள். அது அரை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். அந்த நிலையில் பைப்புக்குள் இருக்கும் ஈரம் தானாகக் கொதித்து வெளியேறிவிடும். பம்ப்பை நிறுத்திய பிறகும் கேஜ் மளமளவென்று ஏறாமல் இருக்க வேண்டும். பம்ப் எவ்வளவு நேரம் ஓடியது என்பதைவிட அந்த எண்தான் முக்கியம்.

முன்பெல்லாம் இப்படிச் செய்யாமலே ஓடியதே என்று கேட்கலாம். அன்று இருந்தது ஆர்22, தீப்பற்றாதது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அது விடைபெற்று வருகிறது. இப்போது கடைகளில் பெரும்பாலும் ஆர்32. அதன் அழுத்தம் ஆர்22ஐப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லேசாகத் தீப்பற்றும் வகையும்கூட. சில ஏசிகளில் ஆர்290 இருக்கிறது. அது புரோபேன், நன்றாகவே எரியும். இரண்டும் காற்றைவிடக் கனமானவை. மூடிய சிறு அறையில் கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். கேஸ் இருக்கும் பைப்பில் பற்றவைப்பு வேலை கூடவே கூடாது. தீயில் பட்ட ஆர்32 ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்னும் நஞ்சாக மாறும். பழைய ஆர்22 பைப்பைப் புது ஏசிக்கு மாட்டிச் சிக்கனம் பார்ப்பதும் வேண்டாம்.

கசிவது நம் சுவரோடு நிற்பதுமில்லை. ஒரு கிலோ ஆர்32 காற்றில் கலந்தால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலந்ததற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் செய்த கிகாலி திருத்தத்துக்கு இந்தியா 2021இல் ஒப்புதல் அளித்திருக்கிறது.

வீடு மாறுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கழற்றுமுன் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டுவதை பம்ப் டவுன் என்பார்கள். அப்போது தளர்ந்த இணைப்பு வழியே காற்று உள்ளே போனால், கம்ப்ரசருக்குள் எண்ணெயும் காற்றும் சேர்ந்து அழுந்தி வெடிக்கக்கூடும். ஏற்கெனவே கசிந்து கேஸ் குறைந்த ஏசியில் இதைச் செய்யவே கூடாது. பைப்பைக் கழற்றுமுன் கம்ப்ரசரை நிறுத்திவிட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பால்கனிப் பக்கம் விடாதீர்கள்.

முறையாகச் செய்தால் வேலை ஒன்றிரண்டு மணி நேரம் கூடும். வெயில் காலத்தில் வீடு வீடாக ஓடும் மெக்கானிக்கை, கூலியைக் குறைத்துப் பேசி அவசரப்படுத்துவது நாம்தான். இதில் குற்றத்தை அவர் தலையில் மட்டும் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலை பேசும்போதே நைட்ரஜன் சோதனைக்கும் வேக்கத்துக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று கேளுங்கள், பில்லில் எழுதச் சொல்லுங்கள், அந்தத் தொகையில் பேரம் பேசாமல் கொடுங்கள். கேஜில் நிற்கும் எண்ணைக் காட்டச் சொல்லி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.