பரவிய பின்னும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

"பரவிவிட்டது, இனி அறுவை சிகிச்சைக்கு இடமில்லையாம்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் குடும்பங்கள் பல. பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியவர்களைப் பொறுத்தவரை, இச்சொற்கள் சில வேளைகளில் உண்மை; சில வேளைகளில் அவசரத் தீர்ப்பு. கல்லீரல் அறுவை மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படங்களைப் பார்க்காத வரை இதனை இறுதி முடிவாக ஏற்கலாகாது என்பது எங்கள் கருத்து.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் கல்லீரலையே அடைகிறது. ஆகவே புற்றணுக்கள் பெரும்பாலும் அங்கேயே முதலில் தங்குகின்றன. பரவல் அதனோடு நின்று, கட்டிகள் முழுவதையும் அகற்ற முடிந்தால், அவ்வாறு அகற்றப்பட்டவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். கல்லீரல் மீண்டும் வளரும் உறுப்பு. நலமுள்ள கல்லீரலில் கால் பங்கு எஞ்சினாலும் பொதுவாகப் போதும். எஞ்சும் பகுதி சிறிதாயின், அகற்றவிருக்கும் பக்கத்துக்குச் செல்லும் இரத்தக்குழாயை முன்னதாகவே அடைத்து, மறுபக்கம் வளரும்வரை சில வாரங்கள் காத்திருக்கும் முறையும் உண்டு.

காலம் தாழ்த்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கீமோதெரபி கட்டிகளைச் சுருக்கி, அகற்ற இயலாதவற்றையும் அகற்றத்தக்கனவாக மாற்றக்கூடும். அதே மருந்து மாதக்கணக்கில் நீண்டால் கல்லீரலையும் பாதிக்கும். சிறு கட்டிகள் ஸ்கேனில் மறைந்துபோவதும் உண்டு. குடும்பத்தார் அதைக் கண்டு மகிழ்வர். மருத்துவருக்கோ, எந்த இடத்தை வெட்டுவது என்பதே புலப்படாது. மறைந்த இடத்தில் உயிருள்ள புற்றணுக்கள் பல வேளைகளில் எஞ்சியே இருக்கும். எனவே அறுவை மருத்துவரின் கருத்தைக் கீமோதெரபி முடிந்தபின் அன்று, தொடங்குமுன்னரே பெறவேண்டும். "கத்தி பட்டால் புற்று பரவும்" என்னும் ஊர்ப்பேச்சினால் இச்சந்திப்பைத் தள்ளிப்போடுவோரும் உளர், அதற்கு ஆதாரமில்லை.

எனினும் எல்லாருக்கும் அறுவை சிகிச்சை உண்டென்று நாங்கள் கூறவில்லை. கல்லீரலுக்குப் பரவியவர்களுள் தொடக்கத்திலேயே அகற்றத்தக்க நிலையில் இருப்போர் ஏறத்தாழ 5 பேரில் ஒருவரே. அகற்றியபின்னும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. அவர்களுள் சிலருக்கு மீண்டும் அகற்ற இயலும். பரவலை அகற்ற வழியில்லாதபோது, "குடலில் உள்ள கட்டியையாவது எடுத்துவிடுங்கள்" என்று உறவினர் கெஞ்சுவதுண்டு. அடைப்போ இரத்தப்போக்கோ இல்லாதவருக்கு அந்த அறுவை ஆயுளைக் கூட்டவில்லை என்பதை ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நிலையில் வேண்டாமென்று சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. 2024இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், மிகக் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குக் கீமோதெரபியுடன் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்ல பலன் தந்தது உண்மைதான். அத்தேர்வுக்குத் தகுதி பெறுவோர் மிகச் சிலர்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று பிள்ளைகள் எங்களைத் தனியே அழைத்து வேண்டுகின்றனர். அவ்வன்பை நாங்கள் அறிவோம். ஆயினும் பெரிய அறுவையின் வலியையும் ஆபத்தையும் தாங்கப்போகிறவர் அவர். எதற்காக என்று அறியாதவரிடம் ஒப்புதல் கையெழுத்துப் பெற எங்களுக்கு மனமில்லை, அது முறையுமன்று.

வரும்போது அறிக்கைத் தாள்களை மட்டும் கொண்டுவராதீர்கள். கீமோதெரபிக்கு முன் எடுத்த முதல் ஸ்கேனின் படங்களும் சிடியும் எங்களுக்குத் தேவை. பழையதென்று அவற்றை எறிந்துவிட வேண்டாம்; மறைந்த கட்டிகள் எங்கே இருந்தன என்பதை அவையே எங்களுக்குக் காட்டும்.