‘சாட்சி’ சொன்னால் சாதிச் சான்றிதழ் போய்விடுமா? ராமநாதபுரம் வழக்கு சொல்வது என்ன?

‘நான் எப்படி இருந்தேன், எப்படி மாறினேன்’ என்று தன் கதையைப் பிறர் முன் சொல்வது கிறிஸ்தவ சபைகளில் பழைய வழக்கம். ‘சாட்சி சொல்றது’ என்பார்கள். முன்பு ஆராதனையில் எழுந்து நின்று சொன்னதை இப்போது கட்டுரையாக எழுதுகிறார்கள், யூடியூபில் வீடியோவாகப் போடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் பகிர்கிறார்கள். சபைக்குள் இருந்த கதை ஊர் முழுக்கப் போகிறது.

சொல்பவர் பட்டியல் சாதியில் பிறந்தவராக இருந்தால்? அவர் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் என்னவாகும்? ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் இருந்து இதைப் பார்க்கலாம்.

சிலுவையால் ரத்தான சான்றிதழ்

பட்டியல் சாதியைச் சேர்ந்த இந்துக் குடும்பத்தில் பிறந்த பெண் மருத்துவர் ஒருவர், கிறிஸ்தவரைத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்தது. கணவர், குழந்தைகளோடு சர்ச்சுக்கும் போய்வந்தார். இதை வைத்து, அவர் மதம் மாறிவிட்டார் என்ற முடிவுக்கு வந்த ராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர், 2013-ல் அவரது சாதிச் சான்றிதழை ரத்து செய்தார்.

2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தலைமை நீதிபதி சஞ்சிப் பானர்ஜி, நீதிபதி எம்.துரைசாமி அமர்வு கேட்டது எளிமையான கேள்விதான். குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போனதாலேயே ஒருவர் தன் பிறப்பு மதத்தை விட்டுவிட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? அதிகாரிகளின் குறுகிய மனப்பான்மையையும் நீதிமன்றம் கண்டித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மருத்துவர் ஜெயித்ததற்குக் காரணம், அவர் மதம் மாறியதாகக் காட்ட எந்த ஆதாரமும் இல்லை என்பதுதான். மதம் மாறினாலும் சான்றிதழ் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை.

கதையைச் சொல்வது குற்றமா?

இல்லை. ஒரு மதத்தைத் தேர்ந்தெடுக்கவும், அதை வெளிப்படையாகச் சொல்லவும், பரப்பவும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு உரிமை தருகிறது. அதே நேரம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. தன் அனுபவத்தைச் சொல்வது இந்த எல்லைக்கு உள்ளேதான் வரும்.

கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 2002-ல் ஜெயலலிதா அரசு அப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தது உண்மை. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைக் கைவிட்டது. இன்று தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் சாட்சி சொல்கிறேன் என்று இன்னொரு மதத்தை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 299 ஆகிய பிரிவுகளில் வழக்கு வரலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையில்தான். இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள் என்றது அந்த ஆணை. 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இதுவரை சேர்க்கப்படவில்லை.

பட்டியல் சாதியில் இருந்து கிறிஸ்தவரானவர்கள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதாவது 18 சதவீத எஸ்.சி. இடஒதுக்கீட்டை விட்டு, 26.5 சதவீத பி.சி. இடஒதுக்கீட்டுக்குப் போகிறார்கள். எண் கூடுதலாகத் தெரியும். ஆனால் நிலம், படிப்பு, தொழில் என்று ஏற்கெனவே முன்னேறிய பல சமூகங்களோடு அங்கே போட்டி போட வேண்டும்.

இழப்பு வேலையோடு முடிவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடி தனித் தொகுதி. மதம் மாறியவர் அங்கே போட்டியிட முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகிறது. மதம் மாறி போதகராக இருந்தவர் அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்க முடியாது என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது.

ஒரே கடற்கரை, இரண்டு கணக்கு

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் மீனவக் குடும்பங்களில் கத்தோலிக்கர்கள் நிறைய. முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1530-களில் பரவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பிரான்சிஸ் சேவியர் வந்தது 1542-ல். ஆக, இந்தக் கடற்கரைக்கு மதமாற்றக் கதை புதிது இல்லை.

தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ‘மீனவர்’ என்ற பெயரோடு ‘கிறிஸ்தவ மதத்துக்கு மாறியவர்கள் உட்பட’ என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது. அதனால் மீனவர் ஒருவர் தன் மனமாற்றத்தை மேடை போட்டுச் சொன்னாலும் அவருடைய எம்.பி.சி. சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து ஊரில் பட்டியல் சாதியில் பிறந்தவர் அதே கதையைச் சொன்னால் கணக்கே மாறிவிடுகிறது.

சாட்சி எப்போது சாட்சியம் ஆகும்?

புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தான் இந்து என்றார். ஆனால் அவருடைய ஞானஸ்நானப் பதிவும், அதிகாரிகளின் கள விசாரணையும் வேறு மாதிரி சொல்லின. 2024 நவம்பர் 26 அன்று நீதிபதிகள் பங்கஜ் மித்தல், ஆர்.மகாதேவன் அமர்வு அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கை எதுவும் இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

ராமநாதபுரம் மருத்துவர் வழக்கில் இருந்தது வெறும் சிலுவை. புதுச்சேரி வழக்கில் இருந்தது ஞானஸ்நானப் பதிவு. வித்தியாசம் அதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள். ‘நான் ஞானஸ்நானம் எடுத்தேன், பழையதை விட்டுவிட்டேன்’ என்று ஒருவர் பேரோடும் முகத்தோடும் வீடியோ போட்டால் அது என்ன? ஒருவர் தன் வாயால் சொன்னது அவருக்கு எதிராகவே ஒப்புதலாகலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பாலபாடம்.

சரி, திரும்பி வந்தால்? பிறந்த சாதி அந்தஸ்து மீண்டும் கிடைக்கலாம் என்று 2015-ல் கே.பி.மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் முன்னோர் அந்தச் சாதிதான் என்பது, உண்மையிலேயே திரும்பி வந்தது, அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டது ஆகிய மூன்றையும் நிரூபிக்க வேண்டும்.

ஓரியூரில் நடந்தது

மனமாற்றக் கதை வெளியே தெரிந்தால் விலை கொடுக்க வேண்டும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. சேதுபதி அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர், 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுக்காரர். விவகாரம் அரண்மனைக்குப் போனது. ஞானஸ்நானம் கொடுத்த அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ, அதே ஆண்டு பிப்ரவரி 4-ல் ஓரியூரில் கொல்லப்பட்டார். சிறையில் இருந்து அவர் எழுதிய கடிதங்கள் ஐரோப்பா வரை போயின. 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அன்று தீர்ப்பு அரண்மனையில், இன்று தாலுகா அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும்.

இனி என்ன?

தீண்டாமை இந்து சமூக அமைப்பில் இருந்து வந்தது, கிறிஸ்தவம் சாதியை ஏற்பதில்லை, பிறகு எதற்கு எஸ்.சி. அந்தஸ்து என்பது ஒரு தரப்பு. மதம் மாறினாலும் சாதி கூடவே வருகிறது, சர்ச்சிலும் கல்லறையிலும்கூடப் பிரிவினை இருந்திருக்கிறது என்பது தலித் கிறிஸ்தவர்களின் பதில். மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022-ல் மத்திய அரசு ஆணையம் அமைத்தது.

1950 ஆணை மாறாதவரை நிலைமை இதுதான்: சர்ச்சுக்குப் போவதாலோ, சுவரில் சிலுவை மாட்டுவதாலோ மட்டும் சான்றிதழ் போகாது. மதம் மாறியதைத் தானே எழுதிப் பகிர்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் பட்டியல் சாதியில் பிறந்து மனம் மாறிய ஒருவர், தன் கதையைச் சொல்வதா, பிள்ளையின் சான்றிதழைக் காப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தங்கச்சிமடத்து மீனவருக்கு அந்த யோசனையே தேவையில்லை.