பல் போனால் வண்டியும் போக வேண்டுமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். என் மோட்டார் சைக்கிளுக்குப் பல் போனது முன் ஸ்பிராக்கெட்டில். அதற்கு வண்டியையே தள்ளி விடச் சொல்லி ஆறு பேர் புத்தி சொல்லிவிட்டார்கள். அந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

1991-ல் வாங்கிய 100 சிசி வண்டி. ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவு பயிற்றுநராக இருந்த காலம் முழுக்க, சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை, சுத்தமல்லி விலக்கு, பேட்டை வழியாக என்னைச் சுமந்தது. இன்றைக்கும் வயலுக்கும் மருந்துக் கடைக்கும் அதில்தான் போகிறேன். வண்டியின் பெயரையும் கடைகளின் பெயரையும் எழுதப் போவதில்லை. என் சண்டை ஒரு கடையோடு அல்ல, ஒரு வழக்கத்தோடு.

போன ஆவணியில் செயின் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் முன் ஸ்பிராக்கெட்டின் பல் ஒவ்வொன்றும் அரிவாள் மூக்கு மாதிரி வளைந்திருந்தது. அதில் அதிசயம் இல்லை. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால் பின்னது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்னது மூன்று சுற்றுச் சுற்றிவிடும். சின்னவன்தான் சீக்கிரம் தேய்வான்.

திருநெல்வேலியில் ஒரு கடையில் கேட்டேன். பையன் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது வாறது நின்னு போச்சு. பேசாம வண்டியத் தள்ளிட்டுப் புதுசு எடுத்துருங்க" என்றான். இருநூற்றுச் சொச்சம் ரூபாய்ச் சாமானுக்கு லட்ச ரூபாய் வைத்தியம்!

அடுத்த கடைக்காரர் இன்னும் கெட்டிக்காரர். "இது செட்டாகும், லேசா ராவிக்கிடலாம்" என்று வேறு வண்டிச் சாமானை எடுத்து வைத்தார். ஃபிட்டர் பாடம் நடத்தியவன் நான். எனக்கே அன்றைக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அவசரம். மெக்கானிக் அரத்தால் ராவி மாட்டினான். மூன்றாம் வாரம் பத்தமடை தாண்டியதும் செயின் கழன்று முன்பக்கம் சிக்கி, பின் சக்கரம் இறுகிப் போனது. வேகம் முப்பதுதான் இருக்கும், பின்னால் பஸ்ஸும் இல்லை. இரண்டில் ஒன்று மாறியிருந்தால் இந்தப் பதிவை எழுத ஆள் இருந்திருக்காது.

கழற்றிப் பார்த்தபோதுதான் முழுக் கூத்தும் தெரிந்தது. என் வண்டிச் செயின் 428. அவர் தந்த ஸ்பிராக்கெட் 420 செயினுக்கானது. இரண்டிலும் பல்லுக்குப் பல் இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அதனால் கையில் வைத்துப் பார்த்தால் கச்சிதமாக உட்காருவது போலவே தெரியும். ஆனால் 428 செயினின் உள் அகலம் ஐந்தில் பதினாறு அங்குலம் அல்ல, பதினாறில் ஐந்து அங்குலம். 420-க்குக் கால் அங்குலம்தான். மெலிந்த பல் அகலமான செயினுக்குள் ஆடிக்கொண்டே ஓடியிருக்கிறது. போதாததற்கு, ராவியதில் உள் துளையின் ஸ்ப்ளைன் தளர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் ஸ்ப்ளைனையும் தின்றிருக்கும். அந்த ஷாஃப்டை மாற்ற இன்ஜினையே பிளக்க வேண்டும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிடலாம்' என்ற சொல்லின் உண்மையான விலை அதுதான்.

வண்டி பழசு, நாடு புகையில் கெட்டுப் போகிறது என்று ஒரு நண்பர் வாதாடினார். நியாயமான வாதம்தான். ஆனால் 15 வருஷம் கழிந்ததும் என் வண்டியைப் பரிசோதித்து, ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பித்துத் தருவது அரசாங்கமே. 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1000 ஆனது, அதையும் கட்டினேன். பசுமை வரியும் கட்டுகிறேன், புகைச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். ஓட்டலாம் என்று ஒரு கையால் முத்திரை குத்திவிட்டு, ஓட்டுவதற்கான சாமான் மட்டும் கிடையாது என்றால் என்ன நியாயம்?

முப்பத்தைந்து வருஷத்துக்குக் கம்பெனி எப்படிச் சாமான் செய்துகொண்டே இருக்கும் என்றார் இன்னொருவர். செய்ய வேண்டாம் ஐயா. அளவைச் சொன்னால் போதும். எத்தனை பல், எந்தச் செயின், உள்ளே எத்தனை ஸ்ப்ளைன், அதன் விட்டம் என்ன, ஒரு பக்கம் எவ்வளவு புடைப்பு, பூட்டுவது தகட்டும் இரண்டு போல்ட்டுமா, பெரிய நட்டா. அரைப் பக்கத்தில் அடங்கும். செய்வதை நிறுத்தும் அன்றைக்கு அந்த வரைபடத்தை வெளியே விட்டால், கோயம்புத்தூர் பட்டறைக்காரர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். சாமான் நின்று போவதில் எனக்குக் கோபமில்லை. விவரமும் சேர்ந்து நின்று போகிறதே, அதில்தான் கோபம்.

முடியாத காரியமும் இல்லை இது. ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-ல் நின்றது. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா ஆலையும் அதே வருஷம் மூடியது. இரண்டுக்கும் இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. காரணம், அவற்றுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது. பால்காரரும் வாத்தியாரும் ஓட்டிய சாதா வண்டிக்கு ரசிகர் மன்றம் ஏது? ஆசைக்கு ஓட்டுபவனுக்குச் சாமான் உண்டு, பிழைப்புக்கு ஓட்டுபவனுக்குக் கிடையாது.

கார்க்காரர்களுக்கு இந்த வழக்கு எப்போதோ நடந்துவிட்டது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடவில்லை என்று 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனமும் அதன் பட்டியலில் இருக்கிறது. டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். எல்லாம் சரி. நான் நின்ற கவுண்டர் வரைக்கும் அந்த உரிமை இன்னும் வந்து சேரவில்லை.

கடைசியில் என் வண்டிக்கு எப்படிப் பல் கட்டினேன் என்று கேட்பீர்கள். செய்ய வேண்டியதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பழைய ஸ்பிராக்கெட்டை மண்ணெண்ணெயில் கழுவி, வெர்னியர் வைத்து அளந்து, ஒரு தாளில் படம் போட்டேன். சென்னையில் இருக்கும் என் பழைய மாணவன் அந்தத் தாளோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஏறி இறங்கினான். "சார், வேற பேர்ல இப்பவும் ஓடுற ஒரு வண்டியோடது அளவுக்கு அளவு பொருந்துது" என்று ஐந்தாம் நாள் போன் வந்தது. நின்று போனதாகச் சொன்ன சாமான் புதுப் பெயரில் உயிரோடுதான் இருந்திருக்கிறது! எந்த வண்டி என்று வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அளக்காமல் அதையே வாங்கி மாட்டுவீர்கள். செயினையும் பின் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றினேன். தேய்ந்த செயின் புதுப் பல்லையும் சீக்கிரம் தின்றுவிடும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய சாமானை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வராதீர்கள். கடையில் வண்டிப் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள். "செட்டாகும்" என்று யாராவது சொன்னால் பழையதின் மேல் புதியதை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

என் பழைய ஸ்பிராக்கெட் திண்ணை ஆணியில் தொங்குகிறது. அளவெல்லாம் எழுதிய அட்டை ஒன்றைக் கம்பியால் அதோடு கட்டி வைத்திருக்கிறேன். கம்பெனி எழுதி வைக்க வேண்டியதை நான் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம்; காப்பியும் உண்டு.