தகரம் தட்டும் கைக்கும் ஆர்.சி. வேண்டும்

1980-ல் ஓசூருக்கு வந்த அசோக் லேலண்ட், 2011-ல் 'தோஸ்த்' பிக்கப்பையும் அங்கேயே தயாரிக்கத் தொடங்கியது. அங்கே எல்லாம் ஆலைக் கணக்கு. பழைய அம்பாசிடரைக் கையால் பிக்கப்பாக்குவது வேறு வித்தை.

முன்கதவுக்குப் பின்னால் கூரையை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது. அம்பாசிடருக்கு லாரிபோலத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எலும்பு. அடியில் இரும்புச் சட்டம் கொடுக்காவிட்டால் பாரம் ஏற்றியதும் வண்டி தொய்ந்து கதவு இறுகிக்கொள்ளும். பிறகு மணல் மூட்டைமேல் தகரத்தை வைத்து மரச்சுத்தியால் குழித்து, டாலி என்ற இரும்புக் கட்டியை அடியில் பிடித்து மேடு பள்ளம் எடுக்க வேண்டும். அதிகம் தட்டினால் தகரம் நீண்டு உப்பும். நல்ல டிங்கர் சூடு காட்டிச் சுருக்குவார். புட்டி பூசி மறைப்பவர் வேறு ரகம்!

இத்தனைக்குப் பிறகும் பதிவுச் சான்று (ஆர்.சி.) கிடைக்காது, சாலையில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2021-ல் வந்த பழங்கால வாகனப் பதிவு விதிகளும் கைகொடுக்கவில்லை. 50 வயது கடந்தும் சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாத வண்டிக்கே அந்தப் பதிவு.

பாதுகாப்புக் கவலை நியாயமானது. ஆனால் பிரிட்டனில் ஒற்றை வண்டியையும் தனியே சோதித்து அனுமதிக்கும் முறை உண்டு. அப்படியொரு சோதனை மையத்தை ஓசூரில் அரசு திறக்கலாம். கட்டணத்தை உரிமையாளரே கட்டட்டும். தேறாத வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.