மூச்சும் கடிகாரமும்

சடுகுடுவில் பாடிச் செல்பவனின் மூச்சே ஒருகாலத்தில் கடிகாரம். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் ஒரு ரைடுக்கு 30 விநாடிதான். அடுத்தடுத்து இரண்டு ரைடுகள் வெறுமையாய் முடிந்தால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும். இல்லையேல் சென்றவர் வெளியேற வேண்டும். முன்னிலை பெற்ற அணி சும்மா போய்வந்தே பொழுதைக் கடத்துவது இதனால் கடினமாயிற்று. மூவரோ அதற்கும் குறைவானவர்களோ நின்று பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்னும் விதி, நலிந்த அணிக்கும் மீளும் வழி தருகிறது. இவற்றை வரவேற்கிறேன்.

ஆயினும், எதுகை மோனையோடு பாடிச் சென்ற மரபு ‘கபடி’ என்னும் ஒற்றைச் சொல்லாய்ச் சுருங்கியது வெறும் விதிமாற்றமன்று. ஒரு வாய்மொழி இலக்கியத்தின் இழப்பு. எங்கள் கள்ளிக்குப்பத்துச் சிறுவர்களுக்குப் புள்ளிக்கணக்கு அத்துபடி, பாட்டுத்தான் தெரியவில்லை. விதிகளை எழுதிவைக்கச் சங்கங்கள் உண்டு. பாடல்களை எழுதிவைப்பது தமிழ்த்துறைகளின் கடன்.