ஆறு வாட்டா, நூறு வாட்டா? லேப்டாப் வாங்கப் போகும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

கல்லூரி அட்மிஷன் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "சார், பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும். ஐ3 போதுமா, ஐ7 எடுத்துடலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கடைசியில் ஒரு வருத்தமும் இருக்கிறது. அதையும் படித்துவிட்டுப் போங்கள்.

இயற்பியல் வகுப்பில் வாட் கணக்கு போட்டது ஞாபகம் இருக்கிறதா? அதிலிருந்தே தொடங்குவோம். மலிவு விலை லேப்டாப்புகளில் நிறைய வந்த பிராசஸர் இன்டெல் செலரான் என்4020. உள்ளே 2 கோர். அடிப்படை வேகம் 1.1 கிகாஹெர்ட்ஸ், அவசரத்துக்கு 2.8 வரை எழும்பும். கம்பெனி சொல்லும் மின்திறன் 6 வாட். நம் வீட்டு 9 வாட் எல்இடி பல்பைவிடக் குறைவு. மறுபக்கம் ஐ7-12700எச். மொத்தம் 14 கோர். அடிப்படை 45 வாட், முழு மூச்சில் 115 வாட் வரை இழுக்கும். பழைய 100 வாட் குண்டு பல்பில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அதனால்தான் இந்த வகை லேப்டாப் கனமாக இருக்கிறது, ஃபேன் இரைகிறது, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். அரக்கோணத்தில் ஏறினால் மோசூர், திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர் என்று நின்று நின்று போகும் எலக்ட்ரிக் ட்ரெயின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அதற்கு வந்தே பாரத் வேகம் தேவையில்லை. ஆனால் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டியை அதன் பின்னால் கட்டி இழுக்கச் சொன்னால் நகராது. என்ன சுமை என்று முதலில் கேட்க வேண்டும். பிராசஸருக்கும் அதேதான்.

அடுத்தது பெயரைப் பார்த்து ஏமாறும் விஷயம். ஐ7 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஐ7-1255யூ என்பதில் 10 கோர். ஆனால் அதில் பெரிய கோர் 2 மட்டுமே, மீதி 8 சிறியவை. 15 வாட் வகை. மேலே சொன்ன 12700எச்சில் பெரிய கோர் 6. இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டும் ஐ7தான். இன்னொரு வேடிக்கை, ஐ3-1215யூவிலும் பெரிய கோர் 2, சிறியது 4, அதுவும் 15 வாட்தான். ஆக, அந்த 'யூ' வகை ஐ7க்கும் இந்த ஐ3க்கும் உள்ள தூரம், நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தின் அளவுக்குப் பெரியதல்ல. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். யூ என்றால் மின்சாரம் சேமிப்பது. எச் என்றால் கடும் உழைப்புக்கு. 2023 முதல் லேப்டாப்பில் செலரான், பென்டியம் என்ற பெயர்களையே இன்டெல் விட்டுவிட்டது. அந்த இடத்தில் வந்த என்100 போன்றவற்றில் 4 சிறிய கோர், அதே 6 வாட்.

சிறிய பிராசஸர் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி பிராசஸரிலேயே பல வகுப்புகள் உண்டு. சின்னக் கருவிகளுக்கு ஈ வகுப்பு, அதைவிடக் கொஞ்சம் கனமான வேலைக்கு சி வகுப்பு, அதற்கும் மேலே ஐ வகுப்பு. அந்தச் சக்தியை அடிப்படையாகக் கொண்டு இஸ்ரோவுக்காக உருவான ஐரிஸ் சிப் 2025-இல் வெற்றிகரமாக இயங்கியது. அது சண்டிகரில் 180 நானோமீட்டர் என்ற பழைய தொழில்நுட்பத்தில் தயாரானது. விண்வெளி வேலைக்கு வேகத்தைவிட நம்பகம் முக்கியம்.

சரி, யாருக்கு எது? பி.காம்., பி.ஏ., நர்சிங், பி.எட். என்றால் 'யூ' வகை ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. இது தாராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் ஐ5 அல்லது ரைசன் 5, முடிந்தால் 16 ஜிபி ரேம். முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங் என்றால்தான் 'எச்' வகையும் கிராபிக்ஸ் கார்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கணினியில் டிசைன் போடுபவர் மெஷினும், கேட்டில் லோடு கணக்கு எழுதுபவர் மெஷினும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை அல்லவா? 4 ஜிபி ரேம் உள்ளதை மட்டும் யாரும் வாங்காதீர்கள். பல மலிவு மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது.

இப்போது அந்த வருத்தம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் பி.காம். படிக்கிறான். அவனுக்கு லட்ச ரூபாயைத் தாண்டும் கேமிங் லேப்டாப், மாதத் தவணையில். தங்கை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவளுக்குச் செலரான், 4 ஜிபி. "நோட்ஸ் பாக்கத்தானே சார், பொண்ணுக்கு இது போதும்" என்கிறார் அப்பா. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தபட்சமே 8 ஜிபி வேண்டும். அந்தப் பெண் பிராஜெக்டைத் தோழியின் அறைக்குப் போய்ச் செய்கிறாள். தோழி தூங்கிய பிறகுதான் இவளுக்கு முறை. வீட்டில் அழுத்தமாகக் கேட்கவும் அவளுக்குத் தயக்கம். இது ஒரு வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். என்னிடம் வரும் போன்களில் "பையனுக்கு நல்லதா சொல்லுங்க சார்", "பொண்ணுக்குச் சும்மா ஒண்ணு சொல்லுங்க சார்" என்ற இரண்டு குரலும் அடிக்கடி கேட்கின்றன.

2011 செப்டம்பர் 15 அன்று, நம் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அது ஒன்றும் பெரிய பிராசஸர் இல்லை. ஆனால் ஒரே வகுப்பில் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெட்டி, ஒரே மெஷின். அரசாங்கம் பார்க்காத வேற்றுமையைப் பெற்றவர்கள் நாம் பார்க்கலாமா? பணம் குறைவாக இருப்பது குற்றமில்லை. இருக்கிற பணத்தை யார் என்ன படிக்கிறார்கள் என்று பார்த்துப் பங்கிடுங்கள். மேலே சொன்ன வீட்டில் அந்த லட்சத்தைப் பிரித்திருந்தால் இரண்டு பிள்ளைகளுக்குமே தேவையான மெஷின் கிடைத்திருக்கும்.

ஐ.டி. வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவின் கீழே பெற்றோர் யாராவது பாடத்தையும் பட்ஜெட்டையும் எழுதினால், நல்ல மாடலாகப் பார்த்துச் சொல்லுங்கள். உபயோகித்த நல்ல லேப்டாப் நம்பகமாக எங்கே கிடைக்கும் என்றாலும் எழுதுங்கள். கேட்பவர்கள் பிள்ளை பையனா பெண்ணா என்று எழுத வேண்டாம். என்ன படிக்கிறார்கள் என்பது மட்டும் போதும்.

அன்புடன்,
உங்கள் சார், அரக்கோணம்