வீடு வாங்கும் முன் நெஞ்சு படபடத்தால்



"டொக்டர், ஒரு கிழமையாய் நித்திரை இல்லை. நெஞ்சு படபடக்குது. பிரஷரை ஒருக்காப் பாருங்கோ." சனிக்கிழமைக் கிளினிக்கில் இப்படி வருகிறவர்களுக்குப் பிரஷர் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும். "வாற புதன்கிழமை வீட்டுக்குக் கொன்ராக்ற் சைன் பண்ண வேணும்." அதுவும் பழைய வீடு, திருத்த வேண்டிய வீடு.

கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் என்று எங்கள் ஆட்கள் சும்மா சொல்லி வைக்கவில்லை. ஆனால் வீடு வாங்கும்போது வருகிற பயத்தைப் பற்றி நாங்கள் வாய் திறப்பதில்லை. பயம் என்று சொன்னால் அண்ணன் தம்பிக்கு இளக்காரம், வங்கிக்குச் சந்தேகம், மாமியாருக்கு அபசகுனம். அதனால் வைத்தியரிடம் வந்து பிரஷர் என்று சொல்கிறோம்.

எங்களுக்கும் இது நடந்தது. 2004 இல் குவேக்கர்ஸ் ஹில்லில், புகையிரத நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பைப்ரோ வீடு பார்த்தோம். வளவு பெரிது, விலை எங்கள் கைக்கு எட்டியது, கூரை ஒழுகியது. அந்தக் கிழமைகளில் விடிய இரண்டு மணிக்கு எழும்பிக் குந்தியிருந்தோம். எங்களில் வைத்தியராக இருப்பவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, கிளினிக்கில் ஒருவருக்கும் சொல்லாமல் ஈ.சீ.ஜி.யும் எடுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மற்றவர் ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைத்தார். இரண்டு பேரும் முழித்திருக்கிறோம் என்பது பத்தாவது நாள்தான் இருவருக்கும் தெரிய வந்தது.

அன்றிரவு ஒரு கொப்பித் தாளில் பயங்களை எழுதினோம். கூரைக்கு எவ்வளவு செலவாகும்? கறையான் இருக்கிறதா? வட்டி ஏறினால் என்ன செய்வது? இப்படி ஒரு பக்கம் நிறைந்தது. மறுபக்கத்தில் இரண்டே வரி. வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பிறகு பார்த்தவர்கள் ஓடு, நிலை, யன்னல் எல்லாம் கழற்றப்பட்டு வெறும் சுவர்தான் நிற்கிறது என்றார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தைவிட்டு மழைக்குள் நடந்த ஆட்களுக்கு, முப்பது வருடக் கடனில் ஒரு கூரை வாங்குவது வெறும் கணக்கு வழக்கு அல்ல.

முதல் பக்கத்துப் பயம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கிறார்: கட்டட, கறையான் பரிசோதகர், சட்டத்தரணி, வங்கிக்காரர். நியூ சவுத் வேல்ஸில் ஒப்பந்தம் மாற்றிக்கொண்ட பிறகும் சாதாரணமாக ஐந்து வேலைநாள் யோசிக்க அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால் வீட்டு விலையில் 0.25 வீதம் போகும், அவ்வளவுதான். ஆனால் ஏலத்தில் எடுத்தால் அந்த அவகாசம் இல்லை. ஆகவே ஏலத்துக்கு முதலே பரிசோதனை செய்துவிட வேண்டும். சில நூறு டொலரை மிச்சம் பிடிக்க அதை விடுகிறவர்கள், பிறகு எங்களிடம் வந்து நித்திரை மாத்திரை கேட்கிறார்கள். இந்தப் பயத்துக்கு மாத்திரை கொடுப்பது பெரும்பாலும் பிழை என்பதே எங்கள் அபிப்பிராயம். டயசிபாம் போன்றவை சில கிழமைகளிலேயே பழக்கமாகிவிடும். கூரை அப்போதும் ஒழுகும்.

மறுபக்கத்துப் பயத்துக்குப் பரிசோதகர் இல்லை. அதைக் கணவன் மனைவி ஒருவருக்கொருவர் சொன்னாலே பாதி பாரம் இறங்கும். இறங்காவிட்டால், ஊர்க் கனவுகள் திரும்பத் திரும்ப வந்தால், இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் கெட்டால், குடும்ப வைத்தியரிடம் மனநலத் திட்டம் ஒன்று கேளுங்கள். மெடிகெயாரில் வருடத்துக்குப் பத்துத் தடவை உளவியலாளரைப் பார்க்கலாம். போரிலும் சித்திரவதையிலும் தப்பி வந்தவர்களுக்கென்றே ஸ்ரார்ட்ஸ் நிலையம் 1988 முதல் இங்கே இயங்குகிறது. மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் 131 450. நெஞ்சு நோ மட்டும் வேறு கதை. எங்கள் ஆட்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. படி ஏறும்போது நெஞ்சு இறுகினால் அதை "ரென்ஷன்" என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

இனிப் பயப்பட வேண்டிய இடத்தில் நாங்கள் பயப்படாமல் விட்ட கதை.

பரிசோதகரின் அறிக்கையில் பாத்றூம், லோண்டரிச் சுவர்களும் வெளிக்கூரை ஓரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருக்கலாம் என்று இருந்தது. வட்டி வீதத்துக்கு நித்திரை முழித்த நாங்கள் இந்த வரியை வாசித்துவிட்டுச் சும்மா தாளைத் திருப்பினோம். ஊரில் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழேதானே படித்தோம், படுத்தோம்? இலங்கை 2018 இல் கொண்டுவரவிருந்த தடைகூட, 2017 டிசெம்பரில் ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் பின்போடப்பட்டது. அங்கே அது இன்றைக்கும் வெறும் கூரைத் தகடு.

இங்கே நிலைமை வேறு. பரமற்றாவுக்குப் பக்கத்தில், கமீலியாவிலேயே ஜேம்ஸ் ஹார்டி கொம்பனியின் அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை செய்த பேர்ணி பான்ரன், நட்டஈட்டுக்காகக் கடைசிவரை போராடி, 2007 நவம்பரில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயால் இறந்தார். அஸ்பெஸ்டஸ் 2003 டிசெம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை. ஆனாலும் 1990 இற்கு முன் கட்டிய வீடுகளில் அது இன்னும் இருக்கலாம். நல்ல நிலையில், பெயின்ற் அடித்து, அசையாமல் இருக்கும் சீற் ஆபத்துக் குறைந்தது. துளைத்தால், உரஞ்சினால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கும். நோய் வர இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட எடுக்கும். மேற்கு அவுஸ்திரேலியாவில் 2005 முதல் 2008 வரை இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், வீட்டுத் திருத்த வேலையின்போது அந்தத் தூசிக்கு ஆளானவர்கள் என்று 2011 இல் வெளிவந்த ஆய்வு சொல்லுகிறது. அவர்கள் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அல்லர்.

குடிபூரலுக்கு முந்திய சனிக்கிழமை மச்சான்மார் இரண்டு பேர் அலவாங்கோடு வந்தார்கள். "ஆளுக்குக் காசு கொடுத்து என்னத்துக்கு, நாங்களே உடைப்பம்." எங்களில் வைத்தியர், தண்ணீர் அடித்துவிட்டு உடைத்தால் போதும் என்றார். வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். பாத்றூமில் ஒரு சீற் உடைந்து விழுந்த பிறகு, மற்றவர் வந்து அலவாங்கைப் பறித்தார். மூத்தவளுக்கு அப்போது ஐந்து வயது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை, சில நிமிடம். ஆபத்து மிகச் சிறியது. எக்ஸ்ரே எடுத்தும் பயனில்லை. இதே பதிலைத்தான் எங்களிடம் வருகிறவர்களுக்கும் சொல்கிறோம், அது உண்மையும்கூட. ஆனாலும் அவள் நீண்ட நாள் இருமினால் எங்களுக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

மிச்சத்தை உரிமம் உள்ளவர்கள் வந்து கழற்றினார்கள். இந்த மாநிலத்தில் 10 சதுர மீற்றருக்கு மேல் என்றால் அவர்கள்தான் கழற்ற வேண்டும், அது சட்டம். அதற்குக் குறைவாக இருந்தாலும் மச்சான்மாரை விடாதீர்கள். செலவு கூடத்தான். அந்தச் செலவை வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டாது என்றால் வீட்டை விட்டுவிட வேண்டும். எத்தனையோ வீடுகள் வரும்.

லோண்டரிச் சுவர் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. இரண்டு தரம் பெயின்ற் அடித்திருக்கிறோம். அதில் ஒரு கலண்டர் மாட்டக்கூட ஆணி அடிப்பதில்லை.